எட்டு நாள் வீட்டுக்குள் இருந்த தோமா: சந்தேகத்தோடு விசுவாச வாழ்க்கையை நடத்துவது எப்படி

நான் இலங்கையில், கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் மெதடிஸ்த சபையில் பதினாறு வருடங்களாக ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. ஆனால் ஏறக்குறைய மூன்று வருடம் கடவுள் இருக்கிறாரா, இருந்தாலும் என்னைக் கேட்கிறாரா என்று தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் எது உதவியது, எது கெடுத்தது என்பது எனக்குத் தெரியும். இப்போது அதே இடத்தில் நிற்கிற ஒருவருக்காக அதை எழுதி வைக்கிறேன்.

2020 பெப்ரவரியில் என் தம்பி இறந்தான். வயது 39. சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தவன். அவனுக்காக 21 நாள் உபவாச ஜெபம் நடந்தது. கடைசி நாள் ஒருவர் எழுந்து நின்று, "கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார்" என்று உரத்த குரலில் அறிவித்தார். பதினொரு நாள் கழித்து அவனை அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அதே மனிதர் என் பக்கத்தில் வந்து, "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்" என்றார். என் கையில் இருந்த தட்டில் எட்டுக் கோப்பைகள். அவற்றைக் கீழே போடாமல் குசினி வரைக்கும் கொண்டுபோனேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு வந்தது. ஆலயங்கள் பூட்டப்பட்டன. சபையில் எல்லோரும் ஆராதனை இல்லையே என்று ஏங்கினார்கள். எனக்கோ நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் பயந்தேன்.

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தை நான் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன். இயேசு உயிர்த்தெழுந்ததைச் சீஷனாகிய தோமா சந்தேகப்பட்டான், இயேசு வந்தார், தோமா நம்பினான் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். நடுவில் ஒரு வசனம் இருப்பது அந்த ஊரடங்கு நாட்களில்தான் கண்ணில் பட்டது: "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." எட்டு நாள்! மற்றவர்கள் கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள். இவன் ஆணிக் காயத்தில் விரலை இட்டால் ஒழிய நம்பமாட்டேன் என்கிறான். அதற்குப் பிறகும் எட்டு நாள் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவன் எழுந்து போகவில்லை. அவர்களும் அவனைப் போகச் சொல்லவில்லை. இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த எட்டு நாளைக் கழிப்பது எப்படி என்பதுதான்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

நாற்பது பக்கக் கொப்பி போதும். திகதியைப் போட்டு, உங்கள் சந்தேகத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிரசங்கத்தில் வருகிற சொற்கள் வேண்டாம். "என் விசுவாசம் தளர்ந்திருக்கிறது" என்று எழுதினால் அதில் ஒன்றும் தெரியாது. யார், எப்போது, என்ன என்று எழுதுங்கள்.

என் முதல் வாக்கியம், "உலகத்தில் இவ்வளவு துன்பம் இருக்கும்போது அன்பான கடவுள் எப்படி இருக்க முடியும்?" என்பது. பெரிய கேள்வி. அதற்குப் பதில் தேடி நான்கு மாதம் வாசித்தேன், பிரசங்கங்கள் கேட்டேன். ஒரு பதிலும் ஒட்டவில்லை. ஐந்தாவது மாதத்தில் அந்த வாக்கியத்தைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, அடியில் வேறொன்று எழுதினேன்: "தம்பிக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று உம்முடைய பெயரில் சொன்னார்கள். நீர் ஏன் சும்மா இருந்தீர்?" எழுதும்போதே கை நடுங்கியது. அப்போதுதான் விளங்கியது, என்னிடம் இருந்தது தத்துவக் கேள்வி இல்லை. துக்கமும் கோபமும். துக்கத்துக்குத் தர்க்கத்தை மருந்தாகக் கொடுத்தால் அது கேட்காது. வயிற்று வலிக்காரனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தது போலத்தான் ஆகும்.

ஆகவே எழுதிய வாக்கியத்தை வைத்து, இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு காயத்திலிருந்து வருகிறதா? சபையில் ஒருவர் நடந்துகொண்ட விதத்திலிருந்து வருகிறதா? படித்த ஒன்றிலிருந்து, அல்லது வேறு மதத்து நண்பர் ஒருவரின் நல்ல வாழ்க்கையிலிருந்து வருகிறதா? அல்லது வெறும் களைப்பா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒரு தரம் எழுதினால் தெரியாது. எட்டு நாளைக்கு ஒரு தரம் திரும்பி வந்து, அதே கேள்வியை மறுபடியும் புதிதாக எழுதிப் பாருங்கள். சொற்கள் மாறிக்கொண்டு வரும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

களைப்பு என்று தெரிந்தால் நீண்ட யோசனை வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் தூங்கினான். பிறகு இன்னொரு தரம் எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். இரவு பதினொரு மணிக்குப் பிறகு கடவுளைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆனால் தூக்கமின்மையும், சாப்பாட்டில் வெறுப்பும், எதிலும் மனம் ஒட்டாமையும் இரண்டு வாரத்தைத் தாண்டிப் போனால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தரமாவது வந்தால், வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவும் பகலும் அழைக்கலாம். மனச்சோர்வு ஒரு நோய். அதை அவிசுவாசம் என்று சொல்லி ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடுவது பெரிய தவறு.

ஜெபம் வராதபோது கடன் வாங்குங்கள்

சொந்தச் சொற்களில் ஜெபிக்க முடியாமல் போவதுதான் முதலில் நடக்கும். முழங்காலில் நின்றால் வாய் திறக்காது. திறந்தாலும் பொய் சொல்வது போல இருக்கும். அப்போது வேதாகமத்திலுள்ள சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

13ஆம் சங்கீதத்தில் ஆறு வசனங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும், எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலில் போனால், ஆறு நிலையங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகத் தரிப்பிடம், கோட்டை. காலை ரயிலில் இருக்க இடம் கிடைப்பது அரிது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் கடலைப் பார்த்தபடி, ஒரு நிலையத்துக்கு ஒரு வசனம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவேன்.

வெள்ளவத்தையில் ஏறும்போது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தரம் எதுவரைக்கும் என்று வருகிறது. தாவீது அதைச் சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம். கொள்ளுப்பிட்டியில், "என் கண்களைத் தெளிவாக்கும்" என்ற மூன்றாம் வசனம். அதைத் தாண்டியதும் கடல் மறைந்துவிடும். கொம்பனித்தெருவில் சத்துருவைப் பற்றிய நான்காம் வசனம். அதற்கு அடுத்த வசனம், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்பது. அது என் வாயில் வரவில்லை. பல மாதம் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, மீதி இரண்டு நிலையத்துக்கும் பேசாமல் நின்றேன். பொய்யாக ஒன்றைச் சொல்வதை விட அது மேல் என்று இன்றும் நினைக்கிறேன். ஐந்தாம் வசனத்தை எந்த நாளில் சொல்லத் தொடங்கினேன் என்று கொப்பியில் இல்லை. அது எனக்கே தெரியாமல் வந்திருக்கிறது.

அந்த அளவுக்கும் முடியாதவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது நம்பிக்கையில் முடியவில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதையும் விடச் சிறிய ஜெபம் ஒன்று உண்டு. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பில் துடிக்கிற மகனைக் கொண்டுவந்த தகப்பன் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." நம் மொழியில் ஐயம் என்ற சொல்லுக்குச் சந்தேகம் என்றும் பொருள், பிச்சை என்றும் பொருள். "ஐயமிட்டு உண்" என்று ஔவையார் சொன்னதைச் சின்ன வயதில் பாடமாக்கியிருப்போம். அந்தத் தகப்பனிடம் இரண்டும் ஒரே மூச்சில் இருந்தன. அரைகுறை விசுவாசத்தோடு கையேந்தி நின்றான். இயேசு அவனுடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கவில்லை. மகனைச் சுகப்படுத்தினார். "வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்" என்ற அந்த வார்த்தை எனக்குள் ஆறாமல் கிடந்தபோது இந்த அதிகாரத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. சந்தேகப்பட்ட தகப்பனின் பிள்ளை சுகமடைந்தான். ஆகவே என் தம்பி என் சந்தேகத்தால் சாகவில்லை. இப்படி ஒரு பாரத்தை யாராவது உங்கள் தலையில் ஏற்றியிருந்தால், தயவுசெய்து இறக்கி வையுங்கள்.

ஒருவரிடம் சொல்லுங்கள், ஒரே ஒருவரிடம்

இதுதான் மிகக் கடினமானது. இதைத்தான் நான் மிகவும் பிந்திச் செய்தேன்.

2022 மார்ச் கடைசி. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எங்கள் சபையில் மூத்த அக்கா ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் தனியாக இருக்கிறார். எரிவாயு கிடைத்ததா என்று கேட்கப் போனேன். அவர் சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்து, அதன் வெளிச்சத்தில் பலாக்கொட்டை சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் தோலை நகத்தால் கிழித்து உரித்து, உள்ளே ஒட்டியிருக்கிற மண்ணிறத் தோலைக் கத்தியால் சுரண்டித் தண்ணீரில் போடுவார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் சரியாகத் தெரியாத இருட்டு என்பதாலோ என்னவோ, வாய் திறந்தது.

"அக்கா, எனக்கு ஜெபம் வரவில்லை. அவர் கேட்கிறார் என்று நம்பவும் முடியவில்லை."

அவர் கையை நிறுத்தவில்லை. "எத்தனை நாளாகப் பிள்ளை?"

"தம்பி போன நாளிலிருந்து."

"இரண்டு வருடமாக இதைத் தனியாகவா வைத்திருக்கிறாய்?" என்றார். பிறகு, "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். பாணும் தேநீரும் என்றேன். எழுந்து போய்ச் சோறும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் அவருடைய கதையைச் சொன்னார். 1983 யூலையில் அவர்களுடைய வீட்டை எரித்தார்கள். அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கப்பல் தளத்தில் அவருடைய அம்மா கீர்த்தனை பாடினார். "நான் பாடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் பாடவே இல்லை. ஆலயத்துக்குப் போவேன், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அம்மா ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. என் பங்கையும் சேர்த்துத் தானே பாடுகிறேன் என்று நினைத்திருப்பார்."

இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த மனிதர். சபையில் அவரைப் போல ஜெபிக்கிறவர் இல்லை. இந்தக் கதையை அதுவரை எனக்குச் சொல்லியதே இல்லை, நான் கேட்டதும் இல்லை.

யாரிடம் சொல்வது என்று தெரிவு செய்யும்போது பதில் சொல்லத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். வாழ்க்கையில் ஒரு தரமாவது அடிபட்டவரை, கேட்டதை வெளியே கொண்டுபோகாதவரைத் தேடுங்கள். போதகராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த ஜெபக்கூட்டத்தில் "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்" என்று உங்கள் விடயத்தை எடுத்து வைக்கக்கூடியவரிடம் சொல்லவே வேண்டாம். சொல்லும்போது கை வேலை ஏதாவது இருந்தால் நல்லது. நேருக்கு நேர் கதிரை போட்டு உட்கார்ந்தால் சொல் வராது. "எனக்குப் பதில் வேண்டாம், கேட்டால் மட்டும் போதும்" என்று முதலே சொல்லிவிடுங்கள். அது இருவருக்கும் இலகு.

ஞாயிற்றுக்கிழமைகளில்

போங்கள். பாட முடியாவிட்டால் பாடாதீர்கள், நில்லுங்கள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எந்த வரி வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும். என்னால் சில வாரங்களில், "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்ற ஓரிடத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது. பாடுபட்டார் என்பதை மட்டும் நான் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை.

திருவிருந்து எடுக்கலாமா என்ற கேள்வி பலரை வாட்டும். என்னையும் வாட்டியது. போதகரிடம் நேரே கேட்டேன். "பசித்தவர்களுக்குத்தான் விருந்து" என்று அவர் சொன்னார். அதன்பிறகு தயங்கவில்லை. உங்கள் சபையின் ஒழுங்கு வேறாக இருக்கலாம், உங்கள் போதகரைக் கேளுங்கள். கேட்காமல் மாதக்கணக்கில் பின்வரிசையில் ஒளிந்திருக்காதீர்கள்.

எனக்கு மிகவும் உதவியது ஒரு வேலை. சாட்சி சொல்லும் முறையிலிருந்து கொஞ்சக் காலம் விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாகத் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவும் வேலையை எடுத்தேன். பெருவிரல் அளவான சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு தட்டில் நாற்பது. திராட்சைரசம் அடியில் ஊதாக் கோடாகக் காய்ந்திருக்கும். சுண்டுவிரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். சில கிண்ணங்களின் விளிம்பில் உதட்டுச் சாயம் இருக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு துளி மிச்சம் இருக்கும், கை நடுங்குகிற வயதானவர்கள் குடித்தவை. ஒவ்வொன்றையும் கழுவும்போது இது இன்னாருடையதாக இருக்கும் என்று நினைப்பேன். அவர்களுக்காக ஜெபித்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாயடியில் நின்ற அரை மணி நேரம், பீடத்துக்கு முன்னால் நின்ற நேரத்தை விட என்னைக் கடவுளுக்கு அருகில் வைத்தது.

விசுவாசம் என்ற சொல்லைத் தமிழர் நாம் இரண்டு விதமாகப் பாவிக்கிறோம். ஒன்று, நம்புவது. மற்றது, நன்றி விசுவாசம் என்று சொல்லும்போது வருவது: சோறு போட்ட கையை விட்டுப் போகாமல் இருப்பது. முதல் விசுவாசம் காணாமல் போன காலத்தில் இரண்டாவதை வைத்துக்கொண்டு நான் காலம் தள்ளினேன். என்னோடு வேலை செய்கிற கத்தோலிக்கத் தோழி ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போகிறவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்தபோது அவருக்கு வேண்டிய இருவர் உள்ளே இருந்தார்கள். ஒருவர்தான் வெளியே வந்தார். ஆலயம் பூட்டியிருந்த வாரங்களில் தெருவில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். யூன் மாதத்தில் திறந்ததும் மறுபடியும் உள்ளே போனார். அங்கே போக எப்படி மனம் வந்தது என்று நான் ஒரு நாள் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை போகாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை" என்றார். கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று அவர் சொல்லவே இல்லை.

தலையில் எழும் கேள்விகள்

கொப்பியைப் பார்த்த பிறகு, உங்களுடையது உண்மையிலேயே அறிவின் கேள்வி என்று தெரிந்தால், அதை மதியுங்கள். அழுத்தி வைத்தால் அழுகிப்போகும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும். மூலத்தைப் போய்ப் பாருங்கள். காணொளிகளில் இரண்டு பக்கத்தாரும் சத்தமிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைவலிதான் மிச்சம்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய கேள்வி என்றால் 1 கொரிந்தியர் 15இலிருந்து தொடங்குங்கள். இயேசு மரித்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதப்பட்ட கடிதம் அது. கண்டவர்களின் பட்டியலைப் பவுல் கொடுக்கிறார். ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்கள் கண்டார்கள் என்று சொல்லி, "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பது போல. பிறகு லூக்கா 24. கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னது அப்போஸ்தலருக்கு "வீண்பேச்சாகத் தோன்றினது" என்று அப்படியே எழுதியிருக்கிறது. ஒரு கதையைக் கட்டுகிறவன் சபையின் தூண்களை இப்படிக் காட்டுவானா என்று யோசித்துப் பாருங்கள். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், மலையின்மேல் உயிர்த்தவரையே பார்த்துக்கொண்டு நின்றவர்களில், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று வருகிறது. அவர்களை விலக்கி நிறுத்தியதாக இல்லை. புறப்பட்டுப் போய்ச் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான். தோமாவுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அநியாயம்.

கொழும்பில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வி தினமும் வரும். என் முதலாளி இஸ்லாமியர், ஐந்து வேளையும் தொழுகிறவர், ஒரு சதமும் தவறாகக் கணக்கில் போட விடாதவர். தம்பிக்கு இரத்தம் தேவைப்பட்டபோது கேட்காமலே வந்து நின்றவர் எங்கள் மாடியில் இருக்கிற பௌத்த அம்மாவின் மகன். இவர்களுக்கெல்லாம் என்ன? இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்கிற எவரையும் நான் நம்புவதில்லை. இன்னொரு சீஷனைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று பேதுரு கேட்டபோது, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று இயேசு சொன்னார். பேதுரு கேட்டது வேறு விடயம்தான். ஆனாலும் நான் அவர்களை நேசிப்பதை விட இயேசு அதிகமாக நேசிக்கிறார் என்று அவரிடம் விட்டுவிட்டு, எனக்குச் சொன்னதைச் செய்ய அந்த வசனம் எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஆழமாகப் படிக்க விரும்பினால் கொழும்பு இறையியல் கல்லூரியில் தமிழிலும் வகுப்புகள் உண்டு. சபையில் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை அப்படிப்பட்ட வகுப்பில் தாராளமாகக் கேட்கலாம்.

யாக்கோபின் வசனத்தை உங்கள்மேல் எறிந்தால்

எறிவார்கள். "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்." யாக்கோபு எழுதிய நிருபம், முதலாம் அதிகாரம், ஆறாம் வசனம். அதை எறிகிறவர்கள் ஐந்தாம் வசனத்தை விட்டுவிடுவார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன், "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில்" கேட்கட்டும் என்பது அது. ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்! எட்டாம் வசனத்தில் யாக்கோபு தான் சொல்கிறவனை இருமனமுள்ளவன் என்று விளக்குகிறார். ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்திருப்பவன். நம்ப வேண்டும் என்று அழுகிற தகப்பன் அவன் இல்லை. சிறைக்குள்ளிருந்து, "வருகிறவர் நீர்தானா" என்று ஆள் அனுப்பிக் கேட்ட யோவான் ஸ்நானகன் அவன் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இயேசு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைப் பார்க்கிலும் பெரியவன் எழும்பினதில்லை என்று ஜனங்களுக்குச் சொன்னார்.

வசனம் எறிந்தவரோடு விவாதிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்.

பிள்ளைகளிடம்

என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நான் ஜெபித்தும் எங்கள் நாய்க்குட்டி செத்துப்போனது. கடவுளுக்குக் கேட்கவில்லையா?" முன்பென்றால் உடனே ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று, "எனக்கும் தெரியவில்லை அம்மா. என் தம்பிக்காக நானும் ஜெபித்தேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அப்படியென்றால் நாங்கள் இருவரும் அவரிடம் கேட்போமா?" என்றாள். கேட்டோம். இரண்டு வருடத்தில் நான் வாய்விட்டுச் செய்த முதல் ஜெபம் அது. பிள்ளைகளுக்கு முன்னால் இல்லாத உறுதியைக் காட்டாதீர்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காக உங்கள் முழுப் பாரத்தையும் அவர்கள்மேல் வைக்கவும் கூடாது. கேட்டதற்கு மட்டும், உண்மையாக.

உங்களிடம் ஒருவர் வந்தால்

இதை வாசிக்கிறவர்களில் சந்தேகம் இல்லாதவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒருவர் வந்து, எனக்கு நம்ப முடியவில்லை என்று சொன்னால், முதல் நாள் வசனம் சொல்ல வேண்டாம். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் அடக்கம் முடிந்த வீட்டில் அது கல்லாகத்தான் விழும். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். எத்தனை நாளாக என்று கேளுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வந்தால் பக்கத்தில் இடம் வைத்திருங்கள். அவர் பாடாமல் நின்றால் திரும்பிப் பார்க்காதீர்கள். எட்டு நாள் கழித்து ஒரு தரம் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது பலாக்கொட்டையோ முருங்கைக்கீரையோ, இருவரும் சேர்ந்து சுத்தம் செய்யக்கூடியதாக ஏதாவது கொண்டுபோங்கள்.